உடைத்துப் பார்க்கிற அக்கா

சித்தூர் ஜில்லா புத்தூர் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்காரர் இருந்தார். அந்த அக்கா தூரத்தில் வருவதைப் பார்த்தாலே, வெளியில் தொங்கவிட்டிருக்கும் ஜோடிகளை அவசரமாக உள்ளே எடுத்து வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அக்கா செருப்பைக் காலில் போட்டுப் பார்க்கிற ஆள் இல்லை. கையில் எடுத்து, வாருக்குள் இரண்டு விரலை விட்டு, வெடுக்கென்று இழுப்பாள். வார் கையோடு வந்துவிட்டால், "இத எவ காலுல மாட்டி அனுப்பலாம்னு வெச்சினு இருந்த?" என்று கடைக்காரரிடமே சண்டைக்குப் போவாள். வராவிட்டால் சிரித்துக்கொண்டு அதையே வாங்கிக்கொள்வாள். அதனால் அவள் போடுவதெல்லாம் புதிதிலேயே கொஞ்சம் நெளிந்துபோன செருப்பாகத்தான் இருக்கும்.

செருப்பு மட்டுமா? நகரி புடவையானால் முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பார்ப்பாள். டிபன் கேரியர் வாங்கப் போனால் அதற்குள் கடைக்காரரின் எடைக்கல்லைப் போட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டுவாள். அவளோடு கடைத்தெருவுக்குப் போவதென்றால் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். போகாமலும் இருக்க முடியாது. அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அந்தக் கேரியர் இன்றைக்கும் என் வீட்டில் உழைத்துக்கொண்டிருக்கிறது.

உடைத்துப் பார்ப்பதுதான் அவளுடைய தொழிலே. வடமாலபேட்டை தாண்டி, சென்னை ரோட்டை ஒட்டிய கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகர ஷெட்டில் நாங்கள் வேலை செய்தோம். எங்கள் பக்கத்தில் திடீரென்று கம்பெனி கம்பெனியாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. போன வருஷம் வேர்க்கடலை போட்ட நிலத்தில் இந்த வருஷம் காம்பவுண்டு சுவர் நிற்கும். எங்கள் ஷெட்டில் சின்ன பஸ்களுக்கு சீட்டின் அடிச்சட்டம் செய்தோம். வளைத்த தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டுவது என்னைப் போன்ற பெண்களின் வேலை. ஒட்டியதை உளியால் அடித்துப் பிரிப்பது அக்காவின் வேலை. அவள் கார்வேட்டிநகரம் பக்கத்துக்காரி. சென்னையில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். நெற்றி நிறையக் குங்குமம், கொண்டை நிறையக் கனகாம்பரம், இடுப்பில் ஒரு உளி. அடக்கம் என்கிற பேச்சே கிடையாது. "இந்த ஷெட்டுல வேலை தெரிஞ்சவ நான் ஒருத்திதான்" என்று ஓனர் இருக்கும்போதே சொல்வாள். ஓனரிடம் தெலுங்கில் சண்டை, எங்களிடம் தமிழில் சண்டை. கோபம் ரொம்ப ஏறிவிட்டால் இரண்டும் கலந்து வரும்.

ஸ்பாட் வெல்டிங் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவில் கொடுக்க வேண்டும். பெடலை மிதித்தால் முனைகள் கவ்விக்கொள்ளும், கரண்டு பாயும். கண்ணை மூடித் திறப்பதற்குள் நடுவில் இருக்கும் இரும்பு உருகி, அந்த ஓர் இடத்தில் இரண்டு தகடும் ஒன்றாகிவிடும். வெளியே சின்னதாக வட்டமாக ஒரு தழும்பு மட்டும் தெரியும். எங்கள் ஷெட்டில் அதைப் பொட்டு என்று சொல்வோம். ஒரு சீட்டுக்கு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

சங்கடம் எங்கே என்றால், பிடித்த பொட்டும் பிடிக்காத பொட்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தட்டிப் பார்த்தாலும் தெரியாது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே உளியை விட்டுச் சுத்தியால் அடிக்க வேண்டும். நல்ல பொட்டாக இருந்தால் அது விடாது. சுற்றியிருக்கிற தகடுதான் கிழியும். ஒரு தகட்டில் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டையளவு இரும்பு மற்றொரு தகட்டில் சட்டைப் பொத்தான் மாதிரி நிற்கும். மோசமான பொட்டு அப்படியில்லை. ஸ்டிக்கர் பொட்டை நெற்றியிலிருந்து எடுப்பதுபோலச் சத்தமில்லாமல் கழன்று வந்துவிடும்.

அடித்துப் பிரித்த சீட்டை அதற்குப் பிறகு விற்க முடியாது. விற்கப் போகிற சீட்டை அடித்துப் பார்க்க முடியாது. முதல் வாரத்தில் இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. நான் வேர்க்க விறுவிறுக்கச் செய்ததிலிருந்து, மிக நன்றாக வந்திருப்பதாக நான் நினைத்த ஒன்றையே எடுத்து அக்கா நாசம் பண்ணுவாள். "நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டேன். "இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

மனிதர்களையும் அவள் விட்டு வைக்கவில்லை. அவள் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். சித்தூரில் வேலை, நல்ல குடும்பம், பையன் வெள்ளைவெளேரென்று பேண்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். அக்கா காப்பி கொண்டுவந்தாள். வந்தவள் வேண்டுமென்றே பையன் தொடையில் கவிழ்த்தாள். ஆறவைத்த காப்பிதான், அதில் அவள் உஷார். பையனின் அம்மா குதித்தாள். பையன் எழுந்து நின்று, பேண்டைப் பார்த்து, சிரித்துவிட்டு, "இன்னொரு காப்பி கெடைக்குங்களா?" என்று கேட்டானாம். கல்யாணம் முடிந்துவிட்டது. "அவன் கத்தியிருந்தா?" என்று நாங்கள் கேட்டோம். "பேண்டுக்குக் கத்தறவன் நாளைக்குப் பொண்டாட்டிக்குக் கத்த மாட்டானா? கோவத்த கல்யாணத்துக்கு முன்னாடி பாக்கணுமா, பின்னாடி பாக்கணுமா?" என்றாள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. என்னிடம் இவள் எதைக் கொட்டிப் பார்த்தாளோ என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புத்தூர் பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டிடம் நானும் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைத்திருந்தேன். என் மகளுக்கு அப்போதுதான் பேச்சு திருந்தியிருந்தது. போனால் திரும்பி வருவதற்குள் அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருப்பாள், என்னை யாரென்று கேட்பாள். போகாமல் இருக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. சென்னையில் பஸ் பாடி கட்டுகிற கம்பெனி ஒன்று திருமலைக்கு ஏறும் வண்டிகளுக்காக எங்களிடம் மாதிரி சீட்டுகள் கேட்டிருந்தது. அந்த ஆர்டர் வந்தால் எல்லோருக்கும் நிரந்தர வேலை, வராவிட்டால் ஷெட்டை மூடிவிடுவதாக ஓனர் சொல்லிவிட்டார். ஏஜெண்டோ சங்கராந்திக்குள் முடிவைச் சொல் என்று நெருக்கினான்.

மாதிரி சீட்டுகளைச் செய்தோம். அக்கா உடைத்துப் பார்த்தாள். கழன்று வந்தது. மறுபடியும் செய்தோம். செம்பு முனை மழுங்கினால் பொட்டு சரியாகப் பிடிக்காது என்பதால் நொடிக்கொரு தரம் அரம் போட்டுச் சீவினோம். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்தோம். அன்றைக்குச் செய்ததில் சிலது கல்லாக நின்றது, சிலது தொட்டவுடன் பிரிந்தது. அத்தனையையும் அக்கா ஓரமாகத் தள்ளச் சொன்னாள். ஷெட்டில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான்தான் போய் நின்றேன்.

"அக்கா, இந்த ஒரு வாட்டி உட்டுடுக்கா. ஆர்டர் வரலைன்னா நான் பாப்பாவ உட்டுட்டுப் போவணும்."

அவள் உளியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்மே. அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? பொட்டு உன் பாப்பாவப் பாத்துப் புடிச்சிக்குமா?"

"பாக்க நல்லாத்தான கீது."

"பாக்கத்தான் கீது. மலை ரோட்டுல வண்டி திரும்பும்போது அதும்மேல எவளோ ஒருத்தி புள்ளய மடியில வெச்சிக்கினு குந்தினு இருப்பா. அவகிட்ட நான் இன்னா சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எவளோ ஒருத்தியின் பிள்ளைக்காக என் பிள்ளையைத் தாயில்லாமல் பண்ணுகிறாளே என்று, கழிப்பறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அவள் சும்மா இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உடைத்த துண்டுகளை வீசாமல், எந்தெந்த நேரத்தில் செய்தது என்று தனித்தனிக் குவியலாக வைத்திருக்கிறாள். அந்த வாரம் காலையில் செய்ததெல்லாம் கழன்றது, மத்தியானத்துக்கு மேல் செய்தது நின்றது. அடுத்த வாரம் தலைகீழ். காலையில் செய்தது நின்றது, மத்தியானம் செய்தது கழன்றது. மெஷினும் அதேதான், தகடும் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். அவளுக்கே தலை சுற்றியது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பக்கத்துக் கரும்புத் தோட்டத்து பம்புசெட்டில் கை கழுவப் போனோம். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"போன வாரம் சாப்புட்டு வந்தா இதுல தண்ணி இல்லியே?"

"போன வாரம் மோட்டார் கரண்டு காலையிலக்கா. இந்த வாரம் மத்தியானம். மாத்தி மாத்தித்தான உடறான்" என்றேன். வயல் மோட்டாருக்குக் கரண்டு தினம் சில மணி நேரம்தான், அந்த நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும் என்பது விவசாய வீட்டில் பிறந்த எனக்குச் சூரியன் உதிப்பதுபோலத் தெரிந்த விஷயம். அதை யாராவது கேட்பார்கள் என்றே நினைத்ததில்லை.

"கரண்டு வந்தா எல்லா மோட்டாரும் ஒண்ணா ஓடுமா?"

"ஆமாக்கா. ராவும் பகலும் எவன் காத்துக்கினு குந்தியிருப்பான்? எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு உட்டுடுவாங்க. கரண்டு வந்த நிமிஷம் ஊரு மோட்டாரு மொத்தமும் எடுத்துக்கும். எங்க நைனா மோட்டாரும் அதுலதான்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. எங்கள் ஷெட்டுக்கு லைன் தனி, ஆனால் சப்ஸ்டேஷன் ஒன்று. ஊரின் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சும்போது எங்கள் மெஷினுக்கு வருகிற கரண்டு இளைத்துவிடுகிறது. மெஷின் ஓடும், பெடல் மிதிபடும், தழும்பும் விழும், உள்ளே இரும்பு மட்டும் சரியாக உருகாது. அங்கே எங்கள் நைனா கரும்புக்குத் தண்ணீர் கட்டக் கட்ட, இங்கே அவர் பெண்ணின் பொட்டு கழன்றுகொண்டிருந்திருக்கிறது.

கேட்டதை நம்பி அவள் உட்கார்ந்துவிடுவாளா? அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் ஊருக்கு என்னோடு வந்தாள். நானும் பாப்பாவும் அப்போது என் அம்மா வீட்டில்தான் இருந்தோம். வீட்டில் போட்ட நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மோட்டார்களைப் பற்றி அவள் விசாரிக்க விசாரிக்க நைனாவின் முகம் இருண்டது. எங்கள் குடும்பத்துக்கு அவர் காலத்தில்தான் நிலம் என்று ஒன்று வந்தது. பட்டா வாங்கி, போர் போட்டு, மோட்டார் வைத்தவர் அவர். அதுவரைக்கும் அடுத்தவர் நிலத்தில்தான் எங்கள் ஆட்கள் தண்ணீர் கட்டினார்கள்.

"மோட்டார நிறுத்துன்னு சொல்லத்தான் வந்தியாம்மா?" என்று கேட்டே விட்டார்.

"வோணாம் நைனா. நீ நல்லா தண்ணி கட்டு. நாங்க நிறுத்திக்கிறோம்."

நைனா அதற்கப்புறம்தான் ஒழுங்காக மூச்சு விட்டார். அக்காவுக்கும் நிம்மதி போலும், விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. என் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பாப்பாவை, "வாடி, என்கூட வந்துடு" என்று இழுத்தாள். பாப்பா வரவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பாப்பா என் ரவிக்கைத் தோளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வீல் என்று கத்தியது. ரவிக்கை பர்ரென்று கிழிந்தது, பாப்பா விடவில்லை. எங்கள் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "கொழந்தைகிட்ட இன்னாம்மா வெளயாட்டு இது?" என்று திட்டினாள். அக்கா கையை எடுத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. கிழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஊசி நூல் இருந்தா குடு, தெச்சிட்டுப் போறேன்" என்று உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மறுநாளிலிருந்து ஷெட்டில் புதுச் சட்டம். ஜன்னலோரம் இருக்கும் பெண் பம்புசெட்டுக் குழாயின்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் விழ ஆரம்பித்ததும் "தண்ணி!" என்று கத்துவாள். அத்தனை பேரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, தகடு வளைக்கவும் பெயின்ட் அடிக்கவும் போய்விட வேண்டும். தண்ணீர் நின்றபிறகுதான் மறுபடி பொட்டு. ஓனர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏமம்மா, நீக்கு புத்தி உந்தா, புத்தி இருக்கா உனக்கு? எவனோ கரும்புக்குத் தண்ணி பாய்ச்சினா என் மெஷின் நிக்கணுமா?" என்றார். "நின்னாத்தான் சார் நல்லது. இல்லாங்காட்டி ஸ்டெபிலைசர் வாங்கிக் குடுங்க" என்றாள் அக்கா. மாதிரி சீட்டுகளை முதலிலிருந்து செய்தோம். ஒரே ஒரு நாள் மட்டும் ஜன்னலோரத்துப் பெண் கொஞ்சம் அசந்துவிட்டாள். அவள் கத்துவதற்குள் நாங்கள் சில சீட்டுகளுக்குப் பொட்டு வைத்துவிட்டோம். அக்கா தேடித் தேடி எடுத்து உடைத்தாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டாளா என்பது எங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

சென்னையிலிருந்து ஆள் வந்தார். தன்மையான மனிதர். வெயிலில் களைத்துப்போயிருந்தார். சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், அளவெடுத்தார். "நல்லா வந்துருக்கு. கையெழுத்துப் போட்டுடறேன்" என்று பேனாவை எடுத்தார். ஓனர் கூல்டிரிங்ஸுக்கு ஆள் அனுப்பினார். நான் என் மகளை மனசுக்குள் ஒரு தரம் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"உடைச்சிப் பாக்கலியா சார்?"

அக்காதான்.

"வேணாம்மா. பாத்தாலே தெரியுதே."

"பாத்தா தெரியாது சார்."

ஓனர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்து போயிருக்க வேண்டும். வந்தவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "சரி, எதை உடைக்கறது?" என்றார். "நீங்களே எடுங்க. நான் எடுத்தா நல்லதாப் பாத்து எடுத்தேன்னு ஆயிடும்" என்று உளியை அவரிடம் நீட்டினாள். அவர் நேராக என் அடுக்குக்கு வந்தார். அடியிலிருந்து ஒன்றை உருவினார். அது எந்த நாள் செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அக்காவை நான் வெறுத்தேன். ஜெயித்து முடிந்த ஆட்டத்தை எதற்காகக் கலைக்கிறாள்?

அக்கா சீட்டை மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினாள். அவர் உளியை வைத்து அடித்தார். உளி உள்ளே போனது, பொட்டு அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். பல்லைக் கூசவைக்கும் சத்தத்தோடு தகடு கிழிந்தது. கீழ்த் தகட்டில் அந்த இரும்புப் பொத்தான் பளபளவென்று நின்றது. அவர் பக்கத்துப் பொட்டையும் அடித்தார், அதற்கடுத்ததையும் அடித்தார். எல்லாம் நின்றது. "பொதுவா யாரும் உடைன்னு சொல்லமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டர் வந்தது. ஸ்டெபிலைசரும் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டேன். என் மகள் என் கையால் சாப்பிட்டு, என் பக்கத்தில் தூங்கி, என்னோடு சண்டை போட்டு வளர்ந்தாள். அக்கா சில வருஷம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கொஞ்ச நாள் போனில் பேசினோம், பிறகு நம்பர்கள் மாறிப்போயின. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். என் மகளை எனக்குத் தந்தவர்களில் அவளும் ஒருத்தி. இதை அவளிடம் ஒரு நாளும் நேரில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் இழுத்துப் பார்த்திருப்பாள்.

ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றியெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சென்னைக்காரர் கிளம்பியதும் அவளைத் தேடிக்கொண்டு போனேன். பம்புசெட்டுத் தொட்டியோரம் தனியாக உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா அப்படிப் பண்ண? அவருதான் கையெழுத்துப் போடறேன்னாரே. நல்லாத்தான் கீதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"உடைக்காததப் பத்தி எனக்கு இன்னாமே தெரியும்?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். அள்ளிய தண்ணீர் முகத்துக்குப் போவதற்குள் பாதி சிந்திக்கொண்டிருந்தது.

"கழண்டு வந்திருந்தா?"

"வந்திருந்தா நீ குவைத்துக்குப் போயிருப்ப." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நானும் உன்கூட வந்திருப்பேன். உடைக்கிறதுக்குச் சம்பளம் வேற எவன் குடுப்பான்?"